மறுமொழி: மாட்டைக் கொழுக்க வைப்பதா, தேற்றுவதா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

அமெரிக்கத் தீவனப்பட்டிகளில் (மாடுகளை அடைத்துத் தீவனம் போட்டு வளர்க்கும் feedlot) இறைச்சி மாடு வளர்ப்பதைப் பற்றிய பாடத்தின் தமிழாக்கத்துக்குச் சில சொற்களை முன்மொழிந்திருந்தீர்கள். வெட்டுக்கு முன் மாட்டின் எடையைக் கூட்டுவதற்குக் "கொழுப்பேற்றம்", அதற்காகக் காதில் வைக்கும் மருந்துக் குளிகைக்கு (implant) "உள்வைப்பு". இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை.

அங்கே மாட்டின் காதில் வைக்கும் குளிகையில் எஸ்ட்ராடயால், டிரென்போலோன் போன்ற ஹார்மோன்கள் இருக்கின்றன. அவை கூட்டுவது சதையை. ஒரே எடையில் வெட்டிப் பார்த்தால், குளிகை வைத்த மாட்டில் கொழுப்பு குறைவாகவே இருக்கும். சதை வளரப் புரதம் வேண்டும் என்பதால், வெறும் வைக்கோல் தின்னும் மாட்டுக்குக் குளிகை வைத்துப் பெரிய பயனில்லை. இதற்குப் போய்க் கொழுப்பேற்றம் என்று பெயரா?

மேலப்பாளையம் சந்தையில் வியாபாரி விலாவைத் தடவி, இடுப்பெலும்பின்மேல் உள்ளங்கையை அழுத்திவிட்டு, "இன்னும் தேறவில்லை" என்கிறார். வாங்கிப் போகிறவர் பருத்திக்கொட்டையும் எள்ளுப் புண்ணாக்கும் வைத்து மூன்றே மாதத்தில் தேற்றிவிடுகிறார். சொல் தொழுவிலேயே கட்டிக் கிடக்கிறது. கணக்குப் பாடம் எடுத்துக்கொண்டுவிட்ட "தேற்றம்" மட்டும் வேண்டாம். தேற்றுதல், தேற்றுகாலம், தேற்றுதீவனம் மூன்றும் நாவில் நிற்கின்றன.

"உள்வைப்பு" என்றதும் எனக்குப் பல் மருத்துவரின் நாற்காலிதான் நினைவுக்கு வருகிறது. பல் வைத்த இடத்தில் நிலைக்க வேண்டும். குளிகையோ மாதக்கணக்கில் மெல்லக் கரைந்து தீர வேண்டும். காதின் பின்புறம், நடுப்பகுதியில், தோலுக்கும் குருத்தெலும்புக்கும் இடையே ஊசியால் செலுத்துகிறார்கள். ஊசியை உருவியதும் விரலால் தடவினால் குளிகைகள் வரிசையாகத் தட்டுப்பட வேண்டும். நொறுங்கியிருந்தால் மருந்து சீக்கிரமே இறங்கிவிடும். வெட்டும்போது காது கழிவோடு போய்விடும்; அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்த காரணமும் அதுதான். "பதியம்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அழகான சொல், ஆனால் பதியம் வேர்விட வேண்டுமே!

என் பரிந்துரை "பொதிகுளிகை". "பொதிகை என்றே வைத்துவிடுங்களேன்" என்று வீட்டில் கேலி செய்தார்கள். மலையை மாட்டின் காதில் ஏற்ற எனக்குத் துணிவில்லை.

Protein supplement என்பதற்கு முன்மொழிந்த "புரதச் சேர்மம்" வேண்டாம். சேர்மம் வேதியியலுக்குப் போய்விட்டது. புண்ணாக்குக்குப் "புரதத் துணைத்தீவனம்" போதும்.

ஹார்மோன் கொடுத்து வளர்த்த மாட்டின் இறைச்சி இறக்குமதியை ஐரோப்பா 1989 முதல் தடுத்துவிட்டது என்ற வரியும் பாடத்தில் வருகிறது. அங்கே "ஹார்மோன் பொதிகுளிகை வைத்துத் தேற்றிய மாடு" என்று இட்டு ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். எங்கே தடுக்குகிறதோ, அதை எழுதுங்கள்.

பாளையங்கோட்டையிலிருந்து,
அன்புடன்