குடியை விட்ட பிறகும் மனம் தெளியவில்லை. உள்மாற்றம் எப்போது வரும்?

கேள்வி (குலசேகரம் பக்கத்திலிருந்து)

எனக்கு வயது 38. ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டும் தொழிலாளி. பதினான்கு ஆண்டுகள் தினமும் குடித்தேன். விட்டு இன்றோடு 47 நாள்கள் ஆகின்றன. முன்பெல்லாம் கை நடுக்கத்தில் வெட்டு ஆழமாக இறங்கி மரம் காயப்பட்டுவிடும். காயம் பட்ட இடத்தில் புதுப்பட்டை முடிச்சு முடிச்சாகத்தான் வளரும் என்பதால் முதலாளியிடம் எத்தனையோ முறை திட்டு வாங்கியிருக்கிறேன். இப்போது விடியற்காலையில் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போனால் கத்தி சீராக ஓடுகிறது. ஆனால் மனத்தில் ஒரு துளி மகிழ்ச்சி இல்லை. சிரட்டையில் பால் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, இதெல்லாம் யாருக்காக என்ற எண்ணம்தான் வருகிறது. இரவில் மூன்று மணி நேரம்கூடத் தூங்குவதில்லை. "மக்களே, ஜெபத்துக்கு வா" என்கிறார் அம்மா. நண்பர் அய்யாவழி மக்களின் தலைமைப் பதியான (வழிபாட்டிடமான) சாமித்தோப்புக்குக் கூப்பிடுகிறார். உள்ளம் மாறினால்தான் விடுதலை என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்த மாற்றம் எப்படி வரும் என்று யாரும் சொல்லவில்லை. மழை தொடங்கினால் வெட்டு நின்று சும்மா இருக்க வேண்டும். அதை நினைத்தாலே பயமாக இருக்கிறது.

பதில் (குளச்சல், கடல் தொழில் செய்பவர்)

தம்பி, நான் குடிக்காமல் 11 ஆண்டுகள் ஆகின்றன. உள்மாற்றம் என்பது ஒரு நாள் இரவில் வானம் திறந்ததுபோல வரும் என்று நானும் காத்திருந்தேன். எனக்கு அப்படி வரவில்லை. மனைவியின் சங்கிலி பேருந்தில் தொலைந்துபோனதாக அவளை நம்ப வைத்திருந்தேன். குடியை விட்ட மூன்றாம் மாதம், ஒளித்து வைத்திருந்த அடகுச் சீட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அவள் திட்டவில்லை, அழவும் இல்லை. சீட்டை நான்காக மடித்து அரிசிப் பானைக்கு அடியில் வைத்தாள். அன்று இரவுதான் பல ஆண்டுகளுக்குப் பிறகு தூங்கினேன்.

நான் போகும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம் 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரான் நகரில் பிறந்த இயக்கம். வியாபாரம் கைகூடாமல் மீண்டும் குடித்துவிடுவோமோ என்று அஞ்சிய ஒருவர், தன்னைக் காத்துக்கொள்வதற்காகவே இன்னொரு குடிநோயாளியைத் தேடிப்போய்ப் பேசினார். அவர் தேடிப்போனவர் ஒரு மருத்துவர். அங்கே கட்டணம் இல்லை, குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை ஒன்றே போதும். மழைநாளில் நீங்கள் போய் உட்காரவும் ஓர் இடம் வேண்டுமல்லவா?

பதில் (நாகர்கோவில், மனநலப் பிரிவில் பணியாற்றிய செவிலியர்)

சகோதரரே, உங்கள் சோர்வை நம்பிக்கைக் குறைவு என்று எண்ணாதீர்கள். நீண்ட காலம் குடித்தவருக்கு வரும் மனச்சோர்வு, குடியை விட்ட சில வாரங்களில் பெரும்பாலும் தானாகவே குறையத் தொடங்கும். ஒரு மாதம் கடந்தும் தூக்கமின்மையும் வெறுமையும் நீடித்தால், அதைத் தனி நோயாகக் கருதிச் சிகிச்சை தர வேண்டியிருக்கும். நீங்கள் அந்த எல்லையைக் கடந்துவிட்டீர்கள். மனச்சோர்வு மருந்து வேலை செய்ய இரண்டு முதல் ஆறு வாரங்கள் பிடிக்கும். பத்து நாளில் பலனில்லை என்று நிறுத்திவிடாதீர்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டலாம். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் பேசலாம்.

ஒன்றை நேரடியாகவே கேட்கிறேன்: சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா? வந்தால் இன்றே வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. தினமும் அதிகமாகக் குடிப்பவர் வைராக்கியத்தால் ஒரே நாளில் நிறுத்துவது ஆபத்து. முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம், அதையடுத்துப் புத்தி தடுமாறிப் பிதற்றும் நிலையும் வரலாம். இதில் உயிர் போனவர்களும் உண்டு. மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்துங்கள்.

பதில் (சாமித்தோப்புக்கு அருகிலிருந்து, ஒரு குடும்பத் தலைவி)

அண்ணா, என் கணவரும் உங்களைப் போலத்தான் இருந்தார். மருந்து சாப்பிட்டார், பதிக்கும் வந்தார். ஒன்றுக்காக மற்றொன்றை விடவில்லை. பதியின் பள்ளியறையில், அதாவது கருவறையில், கண்ணாடி இருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பல மாதங்கள் அவர் தலை குனிந்தே நின்றார். நிமிர்ந்து தன் முகத்தைப் பார்த்த நாளை நான் மறக்கவில்லை. அய்யாவழியைத் தோற்றுவித்த அய்யா வைகுண்டர், துவையல் தவசு என்ற நோன்பில் மக்களைக் குளிக்கவும் துணி துவைக்கவும் சொன்னார். அதை அன்றாடம் செய்தார்கள். என் கணவரும் தினமும் தன் துணியைத் தானே துவைப்பதில்தான் தொடங்கினார். ஆறாவது மாதம் ஒரு திருமண வீட்டில் மீண்டும் குடித்தார். மறுநாள் காலையில் வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். அன்று நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருக்க நானும் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

கேள்வி கேட்டவர்

செவிலியர் அக்கா கேட்டதற்குப் பதில்: ஆம், இரண்டு முறை அந்த எண்ணம் வந்தது. இங்கே எழுதுவதற்கு முன் அம்மாவிடம் சொன்னேன். வெகுநேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நாளை வெட்டுக்குப் போகவில்லை. முதல் பேருந்தில் இருவரும் ஆசாரிப்பள்ளம் போகிறோம். குளச்சல் அண்ணன், கூட்டம் எந்தக் கிழமை என்று சொல்லுங்கள்.