காய்ச்சல் இல்லை என்று தெரிந்தும் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன்

தையல்காரி, சுங்கை சிப்புட்

வணக்கம். இதை யாரிடம் கேட்பது என்று தெரியாமல், மலேசியாவின் பேராக் மாநிலத்திலிருந்து இங்கே எழுதுகிறேன். மணி பன்னிரண்டரை. வீட்டுக்காரருக்குச் செம்பனை மில்லில் இரவு ஷிப்ட்.

போன வருடம் என் மகனுக்கு டிங்கி, அதாவது டெங்குக் காய்ச்சல். அப்போது ஒன்பது வயது. மூன்று நாள் காய்ச்சல் 39க்குக் கீழே வரவே இல்லை. நான்காம் நாள் காலை தொட்டுப் பார்த்தால் உடம்பு ஜில்லென்று இருந்தது. மாரியம்மனுக்கு விளக்கு ஏற்றினேன், கஞ்சி வைத்தேன், பக்கத்து வீட்டு அக்காவிடம் "விட்டிருச்சுக்கா" என்று சொன்னேன். முதலில் காட்டிய கிளினிக்கிலும் காய்ச்சல் விட்டால் சரியாகிவிடும் என்றுதான் அனுப்பியிருந்தார்கள். அன்று மத்தியானம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு விடாமல் வாந்தி. கைகால் சில்லிட்டுப் போனது. ஆஸ்பத்திரியில்தான் ஒரு மிசி (நர்ஸ்) சொன்னார், டிங்கியில் காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் ஆபத்தான நேரம், ரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும் என்று. பிளேட்லெட் 24 ஆயிரம். ஆறு நாள் வார்டில் இருந்தோம். இப்போது கன்றுக்குட்டி மாதிரி ஓடுகிறான்.

நான்தான் இன்னும் அந்த நான்காம் நாளிலேயே நிற்கிறேன். அவனுக்கு உடம்பு சுட்டால்கூடச் சமாளித்துவிடுவேன், பனடோல் கொடுக்கலாம். சிரித்துக்கொண்டு, உடம்பு ஜில்லென்று இருந்தால்தான் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. ராத்திரி மூன்று தடவை எழுந்து நெற்றியைத் தொடுகிறேன், மூச்சு வருகிறதா பார்க்கிறேன். காலையும் மாலையும் டார்ச் அடித்துப் பூச்சட்டித் தட்டு, பின்பக்கத்து வாளி, சாமி செம்பு எல்லாவற்றிலும் கொசுப்புழு தேடுகிறேன். போன வாரம் ஒரு ரவிக்கைக்கு இரண்டு இடது கை வைத்துத் தைத்துவிட்டேன். பதினெட்டு வருடத் தொழில்!

ஆனால் எழுத வைத்தது வேறு. திங்கட்கிழமை பள்ளிக்குக் கிளம்பும்போது, நான் கேட்காமலே தெர்மாமீட்டரை எடுத்துக் கக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "முப்பத்தாறு புள்ளி ஏழும்மா, போய்ட்டு வர்றேன்" என்றான். காவலுக்கு நிற்கிற ஜாகாவிடம் பாஸ் காட்டுகிற மாதிரி. சாயங்காலம் பந்து விளையாடவும் போவதில்லை. கொசு கடிக்கிற நேரமாம். அது நான் சொல்லிக் கொடுத்த வார்த்தை.

வீட்டுக்காரரிடம் சொன்னால், "இப்படியே போனா உன்னைத் தஞ்சோங் ரம்புத்தான்லதான் விடணும்" என்று சிரிக்கிறார். அங்கே இருக்கிற மனநல ஆஸ்பத்திரி இங்கிருந்து அதிக தூரம்கூட இல்லை. யாராவது இப்படி இருந்து மீண்டிருக்கிறீர்களா?

பழைய பிரட்டு

தங்கச்சி, தப்பாக எடுத்துக்கொள்ளாதே. எங்கள் அம்மா ஏழு பிள்ளை பெற்றவர். விடியாமலே பிரட்டுக்கு (தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு) போகும்போது கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போவார். யாரும் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கவில்லை, நாங்கள் வளரவில்லையா? இப்போது ஒன்றோ இரண்டோ பிள்ளை, கையில் போன், அதில் கண்டதையும் படிக்கிறீர்கள். கோயிலில் ஓர் அர்ச்சனை செய்துவிட்டு நிம்மதியாக இரு.

லோரிக்காரன்

ஐயா, என் அம்மாவும் பால்வெட்டியவர்தான். வாரத்துக்கு ஒரு தடவை "நெஞ்சு படபடன்னு வருது" என்று தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரெஸரிடம் போவார். அவர் ஒரு பாட்டிலில் வெள்ளைத் தண்ணி மருந்து ஊற்றிக் கொடுப்பார். நாங்கள் காத்துக் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தோம். எனக்கு முன்னால் பிறந்த அக்கா ஒன்று கொட்டகையில் காய்ச்சலில் போய்விட்டது என்பது எனக்கு இருபது வயதில்தான் தெரியும்.

தங்கச்சி, நான் செம்பனைக் குலை ஏற்றுகிற லோரி ஓட்டுகிறேன். மகள் முதலாம் படிவத்துக்கு ஹாஸ்டல் போன வருடம் ஒரு நாளைக்குப் பதினான்கு தடவை போன் அடித்தவன். அவள் எடுக்கவில்லை என்றால் லோரியை ஓரம் கட்டிவிட்டு உட்கார்ந்திருப்பேன். ஒரேயடியாக நிறுத்த முடியவில்லை. பத்தாக்கினேன், ஐந்தாக்கினேன், அப்புறம் இரவு எட்டு மணிக்கு ஒன்று. முதல் வாரம் நரகம். மூன்றாவது வாரம் ஒருநாள் எட்டரை ஆகிவிட்டது, அவளே கூப்பிட்டு "அப்பா, மறந்துட்டீங்களா?" என்றாள்.

ஓய்வுபெற்ற மிசி

அரசாங்க கிளினிக்குகளில் 31 வருடம் இருந்தேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுவேன்.

தையல்காரி, அந்த மிசி சொன்னது சரி. காய்ச்சல் தொடங்கி மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், சூடு இறங்கும்போது வயிற்றுவலி, வாந்தி, சோர்வு, ரத்தக்கசிவு பார்க்க வேண்டும். அது காய்ச்சல் வந்த வாரத்துக்கான விதி. நீங்கள் அதை இழுத்து ஒரு வருடத்துக்கு விரித்துப் போட்டிருக்கிறீர்கள். அடிபட்ட தாய்க்கு அப்படித்தான் தோன்றும், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

ஒன்றை மறைக்க மாட்டேன். டிங்கி வைரஸில் நான்கு வகை உண்டு. வேறு வகை இரண்டாவது தடவை வந்தால் கடுமையாவதற்கு வாய்ப்பு அதிகம். அதனால் கொசுவைப் பாருங்கள், ஆனால் கணக்காகப் பாருங்கள். டிங்கியைப் பரப்புகிற ஏடிஸ் கொசுவின் முட்டை, கொசுவாக மாற ஒரு வாரம் போல ஆகும். அதனால்தான் வாரத்தில் ஒரு நாள், பத்து நிமிடம் என்று சுகாதார அமைச்சு சொல்கிறது. ஞாயிற்றுக்கிழமை எல்லாத் தண்ணீரையும் கொட்டித் தேய்த்துவிட்டால் போதும். மற்ற நாளில் அடிக்கிற டார்ச் உங்கள் மனசுக்குத்தான்.

நெற்றியைத் தொட்டதும் ஐந்து நிமிடம் நிம்மதி வரும். அப்புறம் மனசு மறுபடி கேட்கும், கை மறுபடி போகும். லோரிக்காரர் செய்த மாதிரி மூன்றை இரண்டாக்குங்கள். எழத் தோன்றினால் கடிகாரம் பார்த்து இருபது நிமிடம் தள்ளிப்போடுங்கள். மூச்சை இழுப்பதைவிட மெதுவாக, நீளமாக விடுங்கள். படபடப்பு ஏறி, அதுவாகவே இறங்கும். இறங்குவதை நீங்கள் ஒரு தடவை பார்க்க வேண்டும்.

பகலில் அரசாங்கத்தின் கிளினிக் கெசிஹாத்தானுக்கு (சுகாதார கிளினிக்குக்கு) போங்கள். கட்டணம் ஒரு வெள்ளி (ரிங்கிட்) தான். தைராய்டும் ரத்தச்சோகையும் பார்க்கச் சொல்லுங்கள், இரண்டுமே நெஞ்சைப் படபடக்க வைக்கும். மனநலப் பரிசோதனைத் தாள் இருக்கும், கேட்டு வாங்கி உண்மையாக நிரப்புங்கள். மாத்திரை எழுதினால் வேலை செய்யச் சில வாரம் ஆகும், நான்கு நாளில் தூக்கிப் போடாதீர்கள். ராத்திரி தாங்கவில்லை என்றால் தாலியான் ஹீல் என்கிற மனநல உதவி எண்ணுக்கு, 15555, போன் அடியுங்கள். தைக்கும்போது நெஸ்கபே குடிப்பீர்களா? நிறுத்துங்கள்.

உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள், தஞ்சோங் ரம்புத்தானில் அந்த ஆஸ்பத்திரி 1911-லிருந்து இருக்கிறது, நானும் ஆறு மாதம் அங்கே வேலை பார்த்தேன், குணமாகி பஸ் ஏறி வீட்டுக்குப் போனவர்களை நிறைய பார்த்தேன். கேலியை விட்டுவிட்டு கிளினிக்குக்குக் கூட வரச் சொல்லுங்கள்.

பையனிடம், "அம்மாவுக்குப் பயம் கொஞ்சம் கூடிப்போச்சு, அதை அம்மா பார்த்துக்கிறேன், அது உன் வேலை இல்லை" என்று மட்டும் சொல்லுங்கள். தெர்மாமீட்டர் அவன் கைக்கு எட்ட வேண்டாம்.

தையல்காரி, சுங்கை சிப்புட்

மூன்று வாரம் ஆகிறது. தைராய்டு சரி. ரத்தத்தில் ஹீமோகுளோபின் 9.4தான், இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். தாளை நிரப்பியதைப் பார்த்துவிட்டு டாக்டர் அடுத்த மாதம் ஆலோசகரைப் பார்க்கத் தேதி போட்டுக் கொடுத்தார். வீட்டுக்காரர் கூட வந்தார், வாயே திறக்கவில்லை. வரும் வழியில் கடையில் நிறுத்தி எனக்கு மைலோ வாங்கித் தந்தார். தெர்மாமீட்டர் இப்போது அவருடைய மில் பையில் இருக்கிறது.

ராத்திரி ஒரு தடவை எழுகிறேன், சில நாள் இரண்டு. பொய் சொல்ல மாட்டேன். சனிக்கிழமை பையன் பந்து விளையாடப் போய் முட்டியைத் தேய்த்துக்கொண்டு ஏழு மணிக்கு வந்தான். டெட்டால் போட்டுவிட்டேன், நெற்றியைத் தொடவில்லை. படுத்தபின் தொட்டேன்.

பழைய பிரட்டு அண்ணே, கோபமில்லை, அர்ச்சனையும் செய்தேன். ஒன்று கேட்கலாமா? உங்கள் அம்மா வேலைக்கு நடுவில் கொட்டகைக்கு வந்து பார்ப்பாரா?

பழைய பிரட்டு

வருவார் தங்கச்சி. மரம் வெட்டி முடித்து, பால் எடுக்கப் போகிறதுக்கு முன்னால் ஓடி வருவார். மேற்பார்வை பார்க்கிற மண்டோர் ஏசுவார். வந்து தம்பியின் நெற்றியில்தான் கை வைப்பார். கையெல்லாம் பால் வாடை.