சைனஸுக்கு வைட்டமின் டி, சி எடுத்தால் சரியாகுமா?

பிச்சிப்பூ, திருப்பூர்:
பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. நாள் முழுக்கப் பஞ்சுத் தூசிதான். மூக்கடைப்பு வருடக்கணக்கில் விட்டபாடில்லை. காலையில் கன்னமும் நெற்றியும் கனக்கிறது, ரசம் தாளிக்கிற வாசனைகூடத் தெரிவதில்லை. ஈ.என்.டி. டாக்டர் மொமெட்டசோன் ஸ்ப்ரே எழுதினார். ஒரு வாரம் அடித்தும் பலன் தெரியவில்லை. எங்கள் மாமா, "எல்லாம் சத்துக் குறைவு. வைட்டமின் டி 60,000 பொடியைத் தினமும் பாலில் கலந்து குடி, கூடவே சி, ஜிங்க் போடு" என்கிறார். இப்படிச் சாப்பிட்டுக் குணமானவர்கள் யாராவது உண்டா?

நொச்சித்தழை:
வைட்டமின் சி சப்பும் மாத்திரை நானும் நிறையத் தின்றிருக்கிறேன். புளிப்பாக நன்றாக இருக்கும், அவ்வளவுதான். மூக்கு அப்படியேதான் இருந்தது.

மெடிக்கல்காரர்:
முதலில் மாமாவை நிறுத்தச் சொல்லுங்கம்மா. 60,000 யூனிட் பொடி வாரத்துக்கு ஒன்று. அதுவும் ரத்தப் பரிசோதனையில் குறைவு தெரிந்தால், டாக்டர் சொல்லும் காலம் வரைக்கும்தான். டி கொழுப்பில் கரைகிற வைட்டமின், மிஞ்சினதும் உடம்பிலேயே தங்கிவிடும். தினமும் குடித்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், தாகம் என்று ஆரம்பித்துக் கிட்னியில் போய் நிற்கும். கடையில் இந்தப் பாக்கெட் கொடுக்கும்போதெல்லாம் "வாரத்துக்கு ஒன்று" என்று மேலேயே எழுதித்தான் கொடுப்பேன்.

மூக்கில் சதை வளர்ந்தவர்களுக்கு டி குறைவாக இருப்பதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் டி சாப்பிட்டால் சைனஸ் குணமாகும் என்பது இன்னும் நிரூபணமாகவில்லை. குறைவு இருந்தால் எலும்புக்காக எடுங்கள்.

சி அளவுக்கு மீறினால் கிட்னியில் கல் வரலாம். ஜிங்க் நாள்பட நிறையப் போட்டால் செம்புச் சத்து குறையும். ஜிங்க் கலந்த மூக்கு ஜெல்லால் வாசனை உணர்வே போய்விடலாம் என்று 2009-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்தது. உங்களுக்கு ஏற்கெனவே வாசனை தெரியவில்லை, அந்தப் பக்கமே போகாதீர்கள்.

பன்னிரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட சைனஸ். அதற்கு அடிப்படை வைத்தியம் உப்புத் தண்ணீரில் மூக்கு கழுவுவதும் உங்கள் டாக்டர் கொடுத்த அதே ஸ்ப்ரேயும்தான். ஸ்ப்ரே வேலை காட்டச் சில வாரமாவது ஆகும். லேசாகக் குனிந்து, வலது கையால் இடது மூக்கில், நடுச்சுவரில் படாமல் காது பக்கமாகப் பார்த்து அடிக்க வேண்டும். உடனே அடைப்பைத் திறக்கும் சைலோமெட்டசோலின் சொட்டு மருந்து வேறு. அதைச் சில நாளுக்கு மேல் தொடர்ந்து போட்டால் அடைப்பு இன்னும் மோசமாகத் திரும்பி வரும்.

கழுவக் கொதிக்கவைத்து ஆறின தண்ணீர் மட்டும். 2024-ல் கேரளத்தில் குளத்தில் குளித்தவர்களுக்கு வந்ததே மூளையைத் தின்னும் அமீபா, அது மூக்கு வழியாகத்தான் ஏறுகிறது.

கடைவாய்:
ஒரு பக்கம் மட்டும் அடைத்து, கெட்ட வாடையோடு சளி வந்தால் பல் டாக்டரையும் பாருங்கள். மேல் கடைவாய்ப் பல் வேர் சைனஸை ஒட்டித்தான் இருக்கிறது. எனக்குப் பல்லைச் சரிசெய்த பிறகுதான் விட்டது.

பிச்சிப்பூ, திருப்பூர்:
எனக்கு இரண்டு பக்கமும்தான். பொடிப் பாக்கெட் பிரிக்கவில்லை, டி பரிசோதனைக்குக் கொடுக்கிறேன். கழுவுவது ஸ்ப்ரேக்கு முன்பா, பின்பா அண்ணா?

மெடிக்கல்காரர்:
முன்பு. கழுவி, மெதுவாகச் சிந்தி, கொஞ்ச நேரம் கழித்து ஸ்ப்ரே. பின்னால் கழுவினால் மருந்தும் சேர்ந்து போய்விடும். செக்கிங் டேபிளில் மாஸ்க்கும் போடுங்கள்.