அது குழந்தையா, ஆளா?

மைத்துளி: ஸ்பானிய ஓவியர் கோயா வரைந்த ரோமக் கடவுள் சாட்டர்னைப் பாருங்கள். பெற்ற தகப்பன் பச்சைக் குழந்தையைத் தின்கிறான். பயங்கரம் என்றால் அதுதான்! நம்மாட்கள் இலங்கையின் அம்பலாங்கொடையில் செதுக்கும் மரமுகமூடியைப் போய்த் திகில் என்கிறார்கள். அது வெள்ளைக்காரன் வாங்கிச் சுவரில் மாட்டும் சாமான்.

கொச்சிக்கடையான்: எது பச்சைக் குழந்தை? படத்தைப் பார்த்தீரா, கதையை மட்டும் கேட்டீரா? தலை போய்விட்டது, சரி. இடுப்பையும் தொடையையும் பாரும், வளர்ந்த ஆளுடையவை. முதுகுக்குள் விரல் புதைய இறுக்கிப் பிடித்திருக்கிறான். அவ்வளவு சதை எந்தக் குழந்தைக்கு? குழந்தைதான் வேண்டுமென்றால் இதே கதையை ஓவியர் ரூபன்ஸ் 1636இல் வரைந்ததைப் போய்ப் பாரும்.

மைத்துளி: புராணத்தில் அவன் தின்பது தன் பிள்ளைகளை. பிள்ளை என்றால் குழந்தைதானே?

கொச்சிக்கடையான்: 46 வயதாகிறது, என் அம்மாவுக்கு நான் இன்னும் பிள்ளைதான். தொட்டிலில் போட்டு ஆட்டுவீரா? சாட்டர்ன் என்ற அந்தப் பெயரே கோயா வைத்ததில்லை. 1819க்கும் 1823க்கும் இடையில் தன் வீட்டுச் சுவர்களில் தீட்டிய 14 படங்களில் அது ஒன்று. பெயரெல்லாம் பிறகு மற்றவர்கள் வைத்தது. பெயரைத் தூக்கிவிட்டுப் பாரும்: தொடை. வளர்ந்த தொடை.

தெகிவளை மீனா: முகமூடியை மறந்தே போனீர்கள். நோய் தரும் பேய்களான சன்னிகளின் தலைவன் மகாகோல சன்னி, அவன் முகமூடியின் வாயிலும் ஒரு ஆள் தொங்குகிறான். இரண்டு பக்கமும் வரிசையாகச் சன்னி முகங்கள், மொத்தம் 18, ஒவ்வொன்றும் ஒரு நோய். விடிய விடியப் பந்த வெளிச்சத்தில் ஆடி நோயை விரட்டுவதற்குச் செதுக்கியது. சாமானாம்!

மைத்துளி: மீனா அக்கா, வாயில் தொங்குவது மரப்பொம்மை. அதற்கு யார் பயப்படுவார்கள்?

கொச்சிக்கடையான்: இல்லாத குழந்தைக்குப் பயப்படுகிறவர் பேசுகிறார். என்னிடம் வாங்கிப்போன கோயா படப்புத்தகத்தைத் திறந்தாவது பார்த்தீரா? இரண்டு வருடமாகிறது.

மைத்துளி: திறந்தேன். பக்கத்துக்குப் பக்கம் சொதிக் கறை.

தெகிவளை மீனா: அண்ணை, புத்தகச் சண்டையை வெளியே வைத்துக்கொள்ளுங்கள். சடங்குக்குச் செய்ததையும் சுவருக்கு வரைந்ததையும் ஒரே தராசில் வைக்கலாமா என்று கேட்க வந்தேன்.

மைத்துளி: கேளுங்கள் அக்கா. ஆனால் அது குழந்தைதான்.

கொச்சிக்கடையான்: முதலாவது, அது சொதி இல்லை, தேத்தண்ணி. இரண்டாவது, தொடையைப் பாரும்.