நன்கொடையிலிருந்து விற்பனைக்கு: எங்கள் முறுக்கு அனுபவம்

கோலாலம்பூர் செந்தூலிலிருந்து எழுதுகிறேன். தனித்து வாழும் தாய்மார்களுக்கான சங்கம் எங்களுடையது. தீபாவளிக்கு முறுக்கும் அச்சு முறுக்கும் போட்டு விற்போம். தெரிந்தவர்கள்தான் வாங்குவார்கள். "பாவம், உதவியா இருக்கட்டும்" என்று ஒரு டின் எடுப்பார்கள், அடுத்த தீபாவளிவரை மறந்துவிடுவார்கள்.

ஒரு நிறுவனத்தில் கொள்முதல் பார்க்கும் அம்மா நேராகவே சொன்னார்: "நன்கொடை வேணும்னா கடிதம் குடுங்க. ஆர்டர் வேணும்னா ரெண்டு டின் கொண்டு வாங்க." கொண்டுபோனோம். இரண்டையும் தராசில் வைத்தார். எடை ஒன்றுபோல் இல்லை. ஒரு முறுக்கை உடைத்து டிஷ்யூவில் அழுத்தி, ஊறிய எண்ணெயைக் காட்டினார். "ருசி நல்லா இருக்கு. எடையும் எண்ணெயும் சரியா வரணும். மெஸ்டி இருக்கா?" என்றார். மெஸ்டி என்றால் சுகாதார அமைச்சின் உணவுப் பாதுகாப்புச் சான்றிதழ். எங்களைத் தொழில் செய்கிறவர்களாக மதித்துப் பேசிய முதல் ஆள் அவர்தான். அந்தக் கறார் எங்களுக்கு அவ்வளவு தேவைப்பட்டது.

அதைவிடப் பெரிய போராட்டம் விலையில். மாவு, எண்ணெய், கேஸ், டின் எல்லாம் கணக்கில் வரும். பிழியும் அக்காக்களின் நேரம் மட்டும் வராது. 2025இல் குறைந்தபட்ச ஊதியம் மாதம் 1,700 ரிங்கிட் ஆனது, மணிக்கு 8.72. அதைச் சேர்த்ததும் டின் விலை ஏறியது. "யார் வாங்குவா?" என்று செயற்குழுவில் சத்தம். நான் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தப் பெண்களுக்காகத்தான் சங்கமே. அவர்கள் உழைப்பை இலவசமாக வைத்துக்கொண்டு இலாபம் காட்டுவது எந்த ஊர் நியாயம்? பழைய ஆட்கள் சிலர் போனார்கள். அலுவலக ஆர்டர்கள் வந்தன, தீபாவளி இல்லாத மாதங்களிலும்.

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தம்பியின் கேள்வி:
அக்கா, அப்போ சங்கத்தை மூடிவிட்டு கம்பெனியாகப் பதியணுமா?

செந்தூல்:
வேண்டாம் தம்பி. சங்கம் 1966ஆம் ஆண்டு சங்கங்கள் சட்டப்படி சங்கப் பதிவகமான ஆர்.ஓ.எஸ்.ஸில் பதிந்தது, அது அப்படியே இருக்கட்டும். வியாபாரத்தை கம்பெனிப் பதிவு ஆணையமான எஸ்.எஸ்.எம்.மில் தனி செண்டிரியான் பெர்ஹாட்டாக, அதாவது தனியார் கம்பெனியாகப் பதிந்தோம். பயிற்சி, பிள்ளைகளின் டியூஷன் எல்லாம் சங்கத்தில். சம்பளம், இபிஎஃப் சேமநிதி, சொக்சோ காப்புறுதி எல்லாம் கம்பெனியில். அரசின் சமூகத் தொழில்முனைவு அங்கீகாரத்துக்கும் வருமானத்தில் பாதிக்கு மேல் விற்பனையிலிருந்து வந்திருக்க வேண்டும். நன்கொடையை வைத்து அதைக் காட்ட முடியாது.

கோலாலம்பூரில் 2016இல் தொடங்கிய பிச்சா ஈட்ஸைப் பாருங்கள். அகதிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த மாணவர்கள், வீட்டுக் கஷ்டத்தால் பிள்ளைகள் படிப்பை விடுவதைப் பார்த்துத்தான் அந்தக் குடும்பங்களின் சமையலைக் கேட்டரிங்காக விற்க ஆரம்பித்தார்கள்.

உங்கள் சங்கத்துக்கு வருமான வரிச் சட்டத்தின் 44(6) அங்கீகாரம் (நன்கொடை தருபவருக்கு வரிக்கழிவு கிடைக்கும்) இருந்தால், நன்கொடைப் பணத்தில் ஒரு மூட்டை மாவு வாங்குவதற்கு முன்னாலும் கணக்காய்வாளரைக் கேளுங்கள். இரண்டு வங்கிக் கணக்கு, இரண்டு ரசீதுப் புத்தகம், முதல் நாளிலிருந்தே.