பாடகர் குழு வளர்ந்த பின் சபை பாடுவதைக் குறைத்துக்கொண்டது: என்ன செய்யலாம்?

பொருநைவாசி எழுதியது:

அனைவருக்கும் ஸ்தோத்திரம். திருநெல்வேலிப் பகுதியிலுள்ள தென்னிந்தியத் திருச்சபை ஆலயம் ஒன்றின் பாடகர் குழுவில் பதினெட்டு ஆண்டுகளாகப் பாடிவருகிறேன். சென்ற ஆண்டு முதல் குழுவின் பொறுப்பும் என்னிடம் வந்திருக்கிறது. நான் சேர்ந்தபோது ஒன்பது பேரும் ஒரு பெடல் ஆர்மோனியமும் இருந்தோம். இன்று முப்பது பேர் சொப்ரானோ, ஆல்ட்டோ (பெண்களின் மேற்குரல், கீழ்க்குரல்), டெனர், பேஸ் (ஆண்களின் மேற்குரல், கீழ்க்குரல்) என நான்கு குரல்களாகப் பிரிந்து பாடுகிறோம். இரண்டு கீபோர்டுகளும் எட்டு மைக்குகளும் இருக்கின்றன. சேகரத்திலுள்ள (ஒரே போதகரின் பொறுப்பிலுள்ள சபைகளின்) எல்லாரும் பாராட்டுகிறார்கள். நானும் அதில் மகிழ்ந்துதான் இருந்தேன்.

ஸ்தோத்திரப் பண்டிகையன்று தொண்டை கட்டியிருந்ததால் குழுவோடு நிற்காமல், பின்வரிசையில் சபையாரோடு உட்கார்ந்தேன். மேனாட்டு மெட்டுகளில் அமைந்த எங்கள் பாட்டுப் புத்தகமான பாமாலையிலிருந்து ஒரு பாடல் தொடங்கியது. எனக்குப் பக்கத்து வரிசையில், சிறுவயதில் எனக்கு ஓய்வுநாள் பள்ளியில் பாட்டுச் சொல்லிக்கொடுத்த அம்மா ஒருவர் நின்றிருந்தார். பாமாலையில் பெரும்பகுதி அவருக்கு மனப்பாடம். முதல் சரணத்தை அவர் பாடினார். மெட்டு மேலே ஏறியபோது அவருடைய குரல் நின்றது. அடுத்த சரணத்தில் உதடுகள் மட்டும் அசைந்தன. மூன்றாம் சரணம் வந்தபோது புத்தகத்தை மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். சுற்றிலும் பார்த்தேன், ஏறத்தாழ எல்லாரும் அப்படியே நின்றார்கள். ஆராதனை முடிந்ததும் அவரிடம் கேட்டதற்கு, "நீங்க நல்லாப் பாடுதீங்கய்யா, நாங்க கேட்டுக்கிட்டு இருக்கோம்" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார், ஆனால் அன்றிலிருந்து அந்தச் சொல் என் மனத்தை அறுக்கிறது.

பாடகர் குழு பாடுவதைக் குறைத்துக்கொள்ள வேண்டுமா? அல்லது கேட்பதும் ஆராதனைதான் என்று அமைதியடைய வேண்டுமா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ஆர்மோனியக்காரர் எழுதியது:

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆலயத்தில் வாசிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: வேறெதையும் பார்ப்பதற்கு முன் சுருதியைப் பாருங்கள். பாமாலை மெட்டுகள் பல, பயிற்சி பெற்ற சொப்ரானோ குரலை மனத்தில் வைத்து அச்சிட்ட சுருதியிலேயே இன்றும் வாசிக்கப்படுகின்றன. சபை என்பது ஆண்களும் பெண்களும், எழுபது வயதுக்காரரும் ஏழு வயதுப் பிள்ளையும் ஒரே மெட்டை ஒரு ஸ்தாயி இடைவெளியில் சேர்ந்து பாடுகிற கூட்டம். ஒரு கட்டை சுருதியில் வைத்துச் சொன்னால், மேல் ஷட்ஜத்தையும் அதற்கடுத்த ரிஷபத்தையும் அவர்கள் எட்டிவிடுவார்கள். மேல் காந்தாரத்தை, அதிலும் காலை ஆராதனையில், எட்ட மாட்டார்கள். அந்த அம்மாவின் குரல் நின்ற இடம் அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். கீபோர்டில் சுருதியை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் பொத்தான் இருக்கிறது. மெட்டு அந்த ரிஷபத்தைத் தாண்டுமானால் தயங்காமல் இறக்கிவிடுங்கள்.

இரண்டாவதாக, சரணத்துக்கும் சரணத்துக்கும் இடையில் மூச்சு வாங்க இடம் கொடுங்கள். சபை மூச்செடுக்கும் ஓசை வாசிப்பவரின் காதில் விழ வேண்டும். அது விழுந்த பிறகே அடுத்த சரணத்தைத் தொடங்க வேண்டும் என்று எனக்குக் கற்றுத்தந்தார்கள்.

நான்கு குரலையும் சபைப்பாட்டையும் இணைப்பது எப்படி என்ற சிக்கல் லூதரன் சபைகளில் தொடக்கத்திலேயே எழுந்தது. 1524ஆம் ஆண்டில், அந்தச் சபைகளைத் தோற்றுவித்த சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதரின் நண்பர் யோகான் வால்ட்டர் வெளியிட்ட பாடகர் குழுப் புத்தகத்தில் மெட்டு பெரும்பாலும் டெனர் குரலில், மற்றக் குரல்களுக்கு நடுவே இருந்தது. கேட்க அழகாக இருக்கும், ஆனால் சாதாரண மனிதரால் அதைப் பிடித்துக்கொண்டு கூடவே பாட முடியாது. 1586ஆம் ஆண்டில் லூக்காஸ் ஓசியாண்டர் என்ற ஜெர்மானியப் போதகர், சபை முழுவதும் சேர்ந்து பாட வேண்டும் என்பதற்காகவே மெட்டை மேற்குரலுக்கு மாற்றி, மற்ற மூன்று குரல்களையும் அதற்குக் கீழே எளிமையாக அமைத்து ஐம்பது பாடல்களை வெளியிட்டார். இன்று நாம் பாமாலையில் பாடும் நான்கு குரல் அமைப்பு அந்த வழியில் வந்ததுதான். சபையைப் பாடவைப்பதற்காக உண்டான அமைப்பே சபையின் வாயை அடைக்கிறது என்றால், தவறு நாம் அதைக் கையாளும் விதத்தில் இருக்கிறது. சபை பாடும் பாட்டில் மெட்டு தெளிவாக மேலே கேட்கட்டும். டெனரும் பேஸும் மைக்கிலிருந்து விலகி நிற்கட்டும்.

ஆல்ட்டோ எழுதியது:

சகோதரர் பொருநைவாசி அவர்களுக்கு வணக்கம். நான் கத்தோலிக்கப் பங்கு ஒன்றின் பாடகர் குழுவில் இருப்பவள். ஐயா சொன்ன யோசனைகளை ஏற்கிறேன். ஆனால் கேட்பதைக் குறைவான வழிபாடு என்று நினைத்துவிடாதீர்கள். என் தாயாரின் அடக்கத் திருப்பலியில் என்னால் ஒரு சொல்லைக்கூடப் பாட முடியவில்லை. இருபது ஆண்டுகளாக என் பக்கத்தில் நின்று பாடியவர்கள் அன்று எனக்காகப் பாடினார்கள். எனக்கு அன்று இருந்த ஒரே ஜெபம் அதுதான்.

பழங்காலத் திருச்சபையின் ஆயரான புனித அகுஸ்தினார் இந்தக் கேள்வியோடு நெடுநாள் போராடியிருக்கிறார். பாடப்படும் பொருளைவிடப் பாடும் குரல் தம்மை அதிகம் அசைத்தால் அதைப் பாவமாகவே கருதுவதாக எழுதுகிறார். ஆனாலும் தாம் விசுவாசத்துக்குத் திரும்பிய புதிதில் ஆலயப் பாடல்களைக் கேட்டுக் கண்ணீர் விட்டதை நினைத்துப் பார்த்து, ஆலயத்தில் பாடும் வழக்கம் நல்லதுதான் என்ற பக்கமே சாய்கிறார்.

எங்கள் சபையில், உலகக் கத்தோலிக்க ஆயர்களின் கூட்டமான இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு, பாடகர் குழுக்களை ஊக்கத்தோடு வளர்க்க வேண்டும் என்று சொல்லும் அதே பத்தியில், மக்கள் தங்களுக்குரிய பங்கை ஆற்றும்படி ஆயர்களும் குருக்களும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொல்கிறது. 1967ஆம் ஆண்டில் வந்த திருஇசை பற்றிய அறிவுரை, மக்களை முற்றிலும் விலக்கிவிட்டு எல்லாப் பாடல்களையும் குழுவிடமே ஒப்படைக்கும் வழக்கத்தை வெளிப்படையாகவே தவறென்கிறது. நடைமுறையில் எங்களுக்கு மிகவும் உதவியது பதிலுரைப் பாடல். ஒருவர் திருப்பாடலின் (சங்கீதத்தின்) அடிகளைப் பாட, மக்கள் ஒரே ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் பாடுகிறார்கள். புத்தகம் இல்லாதவரும் இரண்டாம் முறையிலேயே சேர்ந்துகொள்கிறார். காணிக்கை நேரத்தில் குழு தனியாக ஒரு பாடலை நான்கு குரலில் பாடட்டும். நீங்கள் உழைத்துக் கற்றதை மறைத்துவைக்க வேண்டியதில்லை.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

தம்பி, அந்த அம்மா சொன்னதைப் படித்ததும் கண் கலங்கிவிட்டது. சகோதரி பதிலுரைப் பாடலைப் பற்றி எழுதியிருக்கிறார். நம் ராகங்களில் அமைந்த கிறிஸ்தவக் கீர்த்தனையும் அப்படிப்பட்டதுதானே! திருநெல்வேலியில் 1774ஆம் ஆண்டில் பிறந்து, தஞ்சாவூரில் ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்த கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார் காலத்திலிருந்து, ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க மற்றவர்கள் திருப்பிப் பாடுவது கீர்த்தனைக்கு இயல்பாகிவிட்டது. எழுத்தறியாத பாட்டிமார் முப்பது நாற்பது கீர்த்தனைகளை மனப்பாடமாக வைத்திருந்தது இப்படித்தான். நீங்கள் பல்லவியை ஒருமுறை பாடிவிட்டு நிறுத்துங்கள். சபை தானாகத் திருப்பிப் பாடும். அந்த இடத்தில் குழு பாடக்கூடாது என்பதே முக்கியம்.

கீர்த்தனைக்கு ஒவ்வோர் எழுத்துக்கும் கார்டு (பல சுரங்களைச் சேர்த்து ஒலிப்பது) மாற்றி வாசிக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். ஆனந்தபைரவி ராகத்தில் குரல் வளைந்து இறங்க வேண்டிய இடத்தில் கார்டு வந்து மறித்தால், பழைய மெட்டை அறிந்தவர்கள் தாங்கள்தான் தவறாகப் பாடுகிறோம் என்று நினைத்து நிறுத்திவிடுகிறார்கள். ஷட்ஜமும் பஞ்சமமும் மட்டும் பின்னால் ஒலித்தாலே போதும்.

தமிழ் வாத்தியார் என்பதால் மற்றொன்றையும் சொல்லாமலிருக்க முடியவில்லை. மேனாட்டு மெட்டில் நீண்ட சுரத்தின் மேல் குறில் எழுத்து வந்து விழும்போது பாடகர்கள் அதை நெடிலாக்கிவிடுகிறார்கள். "விடுதலை" என்பது "வீடுதலை" ஆகிறது. "வருவார்" என்பது "வாருவார்" ஆகிறது. முப்பது பேர் மைக்கில் அப்படிப் பாடும்போது, என்ன சொல் என்றே பின்வரிசைக்கு விளங்குவதில்லை. அந்த எழுத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு அடுத்து வரும் நெடிலின் மேல் நீட்டிப் பழக்குங்கள். ஒத்திகையில் மெட்டைத் தொடுவதற்கு முன் பாட்டின் சொற்களை எல்லாரும் ஒருமுறை வாய்விட்டு வாசிக்கட்டும்.

பொருநைவாசி எழுதியது (ஐந்து வாரங்களுக்குப் பின்):

பதிலளித்த அனைவருக்கும் நன்றி. எங்கள் போதகர் ஐயரவர்களிடம் பேசி அனுமதி பெற்றுச் சிலவற்றைச் செய்திருக்கிறோம். பாமாலைப் பாடல்களைத் தேவைப்படும் இடத்தில் ஒரு கட்டை இறக்கினோம். எட்டு மைக்குகளில் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டோம். ஒரு சரணத்தில் வாத்தியங்களை முழுவதுமாக நிறுத்துகிறோம். முதல் ஞாயிறு அந்த அமைதியைக் கண்டு சபை திகைத்தது, இரண்டாம் ஞாயிறு கூரை வரை குரல் எழும்பியது. கீர்த்தனையில் பல்லவியைக் கொடுத்துவிட்டு நாங்கள் காத்திருக்கிறோம். குழுவிலுள்ள ஆறு பேர் முறைவைத்துப் பின்வரிசைகளில் சபையாரோடு நின்று பாடுகிறார்கள். காணிக்கை நேரத்துப் பாடல் மட்டும் முழுமையாக நான்கு குரலில் தொடர்கிறது.

டெனர் பாடும் இளைஞர்கள் இருவருக்கு இதில் மனவருத்தம் இருக்கிறது. தங்கள் உழைப்பைக் குறைத்துவிட்டதாக நினைக்கிறார்கள். அவர்களோடு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன்.

சென்ற ஞாயிறு பின்வரிசை முறை என்னுடையது. அந்த அம்மா புத்தகத்தை மூடித்தான் வைத்திருந்தார், ஆனால் கடைசிச் சரணம் வரை மனப்பாடமாகப் பாடினார். ஒவ்வோர் அடியின் கடைசிச் சொல்லையும் எங்களைவிடச் சற்றுக் கூடுதலாக நீட்டுகிறார்; அவரோடு சேர்ந்து அந்த வரிசையிலிருந்த பெண்கள் எல்லாரும் நீட்டுகிறார்கள். அந்த இடங்களில் குழுவும் அவர்களோடு சேர்ந்து நிற்பதென்று வெள்ளிக்கிழமை ஒத்திகையில் முடிவு செய்து, புத்தகத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டிருக்கிறோம்.