ராக் கச்சேரியில் எங்கே நிற்பது: மேடையோரமா, மிக்ஸர் பக்கமா?

பேஸ்தந்தி:

வணக்கம். பள்ளி நாட்களிலிருந்தே ராக், ஹெவி மெட்டல் இரண்டையும் ஹெட்ஃபோனில் கேட்டு வளர்ந்தவள் நான். சென்னையில் கல்லூரி விழாக்களில் மாணவர் குழுக்கள் வாசித்ததைக் கேட்டிருக்கிறேனே தவிர, ஆயிரக்கணக்கானோர் கூடும் திறந்தவெளிக் கச்சேரி எதற்கும் இதுவரை போனதில்லை. அடுத்த மாதம் பெங்களூரில் நடக்கவிருக்கும் ஒரு மெட்டல் கச்சேரிக்கு நானும் என் தம்பியும் டிக்கெட் வாங்கியிருக்கிறோம். எங்கள் டிக்கெட்டுக்கு இருக்கை கிடையாது. மைதானத்தில் விருப்பப்பட்ட இடத்தில் நின்றுகொள்ளலாம்.

என் காது எப்போதும் பேஸ் கிட்டாரின் பின்னால்தான் போகும். நானும் கொஞ்சம் வாசிப்பேன். அதனால் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும் என்பது ஒரு ஆசை, வாசிப்பவரின் விரல்களை அருகிலிருந்து பார்க்க வேண்டும் என்பது இன்னொரு ஆசை. இரண்டும் ஒரே இடத்தில் கிடைக்குமா? தம்பிக்குச் சிறுவயதில் காதுத் தொல்லை இருந்ததால் அம்மா கவலைப்படுகிறார். அதையும் மனத்தில் வைத்துச் சொல்லுங்கள்.

---

முன்வரிசைக்காரன்:

கேள்வியைப் படித்ததும் 2007 மார்ச் 17தான் நினைவுக்கு வந்தது. பெங்களூர் அரண்மனை மைதானத்தில் பிரிட்டிஷ் ஹெவி மெட்டல் குழுவான அயர்ன் மெய்டன் முதன்முறையாக இந்திய ரசிகர்களுக்கு முன் வாசித்த நாள் அது. டீப் பர்ப்பிளும் ரோலிங் ஸ்டோன்ஸும் அதற்கு முன்பே இந்தியாவுக்கு வந்து போயிருந்தாலும், ஹெவி மெட்டலையே மூச்சாகக் கொண்டவர்களுக்கு அந்த மாலை வேறு வகையானது. சென்னையிலிருந்து இரவு ரயிலில் போய் இறங்கி, மதிய வெயிலில் வரிசையில் நின்று, வாசல் திறந்ததும் நேராக மேடைக்கு முன்னாலிருக்கும் தடுப்புக் கம்பியிடம் போய் நின்றவர்களில் நானும் ஒருவன்.

நீங்கள் பேஸ் வாசிப்பவர் என்பதால் இதைச் சொல்கிறேன். அயர்ன் மெய்டனின் பேஸ் கலைஞர் ஸ்டீவ் ஹாரிஸ், தந்தியை மீட்டும் சிறு தகடான பிக் வைத்து வாசிப்பதில்லை. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறித் தந்தியைத் தட்டும் வேகத்தை வீடியோவில் எத்தனை முறை பார்த்திருந்தாலும், மேடை விளிம்பில், வாசிப்பவர்கள் தங்கள் ஒலியைக் கேட்பதற்காக வைத்திருக்கும் மானிட்டர் ஸ்பீக்கர் பெட்டியின்மேல் ஒரு காலை ஊன்றி, கிட்டாரின் கழுத்தைக் கூட்டத்தை நோக்கி நீட்டிக்கொண்டு அவர் நம் எதிரே வந்து நிற்கும்போதுதான், அந்தப் பாய்ச்சல் தாளத்தில் மணிக்கட்டு எவ்வளவு தளர்வாக இருக்கிறது என்பது தெரிகிறது. அதைப் பார்த்த பிறகு என் வாசிப்பே மாறியது.

'ஃபியர் ஆஃப் த டார்க்' தொடங்கியதும் கிட்டார் மெட்டைக் கூட்டம் முழுவதும் வார்த்தையில்லாமல் பாடியது. முன்னால் நின்றவனுக்கு அந்தக் குரல் முதுகுப் பக்கத்திலிருந்து வந்து சேரும். மேடையிலிருந்து கிட்டார், பின்னாலிருந்து மக்கள், நடுவே நாம். பாடகரின் குரல் எனக்குப் பல இடங்களில் மங்கலாகத்தான் கேட்டது என்பது உண்மை. ஆயினும் அந்த இடத்தை வேறு எதற்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். குரலைத் தெளிவாகக் கேட்க ஆல்பம் இருக்கிறது.

---

மிக்ஸர்மேசை:

நான் பல ஆண்டுகளாகக் கச்சேரிகளில் ஒலியமைப்புப் பணி செய்பவன். முன்வரிசையில் குரல் ஏன் மங்கியது என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

பெரிய மேடையின் இரு பக்கங்களிலும் உயரத்தில் வளைந்து தொங்கும் ஸ்பீக்கர் வரிசையை லைன் அர்ரே என்போம். அதன் ஒலி மைதானத்தின் நடுப்பகுதிக்கும் பின்பகுதிக்கும் போய்ச் சேரும்படி சாய்த்துக் கட்டப்பட்டிருக்கும். தடுப்புக் கம்பியின் நடுவில் நிற்பவர் அந்த இரண்டு வரிசைகளுக்கும் இடையில், அவற்றின் வீச்சுக்குக் கீழே நிற்கிறார். அவருக்குக் கேட்பது மேடையிலுள்ள ஆம்ப்ளிஃபயர்களின் ஒலியும், டிரம்மின் நேரடி ஒலியும், மேடை விளிம்பில் வைத்த சிறிய ஸ்பீக்கர்களிலிருந்து வருவதும்தான். இப்போது பல குழுக்கள் காதுக்குள் பொருத்தும் மானிட்டரைப் பயன்படுத்தி, ஆம்ப்ளிஃபயர்களையும் மேடையிலிருந்து எடுத்துவிடுவதால், முன்வரிசைக்கு கிட்டார்கூட முன்போல் நேரடியாகக் கிடைப்பதில்லை.

பேஸ் விஷயம் இன்னும் நுட்பமானது. தாழ்ந்த சுரங்களுக்கென்றே உள்ள ஸ்பீக்கர்களான சப்வூஃபர்களை மேடையின் இடமும் வலமும் அடுக்கி வைத்தால், இரண்டிலிருந்தும் புறப்படும் அலைகள் மைதானத்தின் நடுக்கோட்டில் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்து ஒன்றையொன்று வலுப்படுத்தும். நடுக்கோட்டைவிட்டு விலகினால் ஒரு பக்கத்து அலை சற்று முந்தியும் மறுபக்கத்து அலை பிந்தியும் வருவதால் சில சுரங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஒரே பாட்டில் சில சுரங்கள் நெஞ்சில் மோதுவதும் சில காணாமல் போவதும் இதனால்தான். பேஸ் வாசிப்பவரைக் குறை சொல்வது நியாயமில்லை.

எனவே சுரம் சுரமாகக் கேட்க விரும்புபவருக்கு என் பதில், கூட்டத்துக்கு நடுவே இருந்து ஒலியைக் கட்டுப்படுத்தும் மிக்ஸர் மேசைக்கு முன்னால், நடுக்கோட்டில். ஒலிப்பொறியாளர் தன் காதால் கேட்டுத்தான் ஒவ்வொரு கருவியின் அளவையும் தீர்மானிக்கிறார். அவர் கேட்பதற்கு மிக நெருக்கமானதை நீங்களும் கேட்கலாம். மேசைக்குப் பின்னால் வெகுதூரம் போக வேண்டாம். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் செல்கிறது. 100 மீட்டர் தள்ளி நின்றால், டிரம்மர் குச்சியை இறக்குவதைப் பார்த்து ஏறக்குறைய 0.3 நொடி கழித்தே அடி கேட்கும். மைதானத்தின் நடுவில் தனியாக நிற்கும் ஸ்பீக்கர் கோபுரங்களின் ஒலியையும் அந்தத் தாமதத்துக்கு ஏற்ப வேண்டுமென்றே பிந்தவைத்துத்தான் அனுப்புவோம். இல்லையென்றால் ஒரே அடி இரண்டு முறை கேட்கும்.

இந்த வசதிகள் இல்லாத காலத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 1965இல் நியூயார்க்கின் ஷே மைதானத்தில் பீட்டில்ஸ் 55,000க்கும் மேற்பட்டோர் முன் வாசித்தபோது, பாட்டை மைதானத்தின் அறிவிப்பு ஒலிபெருக்கிகள் வழியாகவும் கொண்டுசேர்க்க வேண்டியிருந்தது. ரசிகர்களின் கூச்சலில் தாங்கள் வாசிப்பது அவர்களுக்கே கேட்கவில்லை. மறு ஆண்டு ஆகஸ்டோடு அவர்கள் கச்சேரிப் பயணங்களை நிறுத்தியதற்கு இதுவும் ஒரு காரணம். ஒலியமைப்பில் இன்று எடுத்துக்கொள்ளும் அத்தனை சிரமமும், பின்னால் நிற்கும் கடைசி ரசிகருக்கும் பாட்டு பாட்டாகவே போய்ச் சேர வேண்டும் என்பதற்காகத்தான்.

---

மரகதவீணை:

தம்பியின் காதைப் பற்றி நான் சொல்கிறேன். நானும் மெட்டல் ரசிகைதான்; இரண்டு பிள்ளைகளைக் கச்சேரிக்கு அழைத்துப் போகும் தாயும்கூட.

85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரம் வரை கேட்கலாம் என்பது அமெரிக்கத் தொழில்நலக் கழகமான நியோஷின் பரிந்துரை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறைகிறது. அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். ராக் கச்சேரியில் 100 டெசிபல் என்பது வழக்கமான அளவு, அதுவும் இரண்டு மணி நேரம். 2022இல் உலக சுகாதார நிறுவனம் இசை அரங்குகளுக்காக வெளியிட்ட நெறிமுறையிலும், சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்றும், ரசிகர்களுக்குக் காதடைப்பான் கிடைக்கச் செய்ய வேண்டும் என்றும் இருக்கிறது. ஏசி/டிசி ராக் குழுவின் பாடகர் பிரையன் ஜான்சன் 2016இல் செவித்திறன் பாதிப்பால் பயணத்தைப் பாதியில் விட நேர்ந்ததை இங்கே எல்லோரும் அறிவோம்.

மருந்துக்கடையில் கிடைக்கும் ஸ்பஞ்சு அடைப்பான் காதைக் காக்கும். ஆனால் உயர்ந்த சுரங்களை அதிகமாக விழுங்கிவிடுவதால் சிம்பலும் குரலும் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். இசைக்கலைஞர்களுக்கென்று விற்கும் வடிகட்டி வைத்த அடைப்பான் எல்லாச் சுரங்களையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைப்பதால் பாட்டின் வடிவம் கெடுவதில்லை. ஏற்கெனவே தொல்லை இருந்த காது என்பதால், போவதற்கு முன் காது மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

முன்வரிசை பற்றி ஒரு வார்த்தை. 2000 ஜூன் 30 அன்று டென்மார்க்கின் ராஸ்கில்ட் விழாவில் பேர்ல் ஜாம் வாசித்துக்கொண்டிருந்தபோது, ஈரத் தரையில் மேடைக்கு முன்னால் விழுந்தவர்கள்மேல் கூட்டம் சரிந்து 9 இளைஞர்கள் இறந்தார்கள். அதற்கு முன் 1979இல் சின்சினாட்டியில் த ஹூ கச்சேரிக்கு வந்த 11 பேர் வாசலில் ஏற்பட்ட நெரிசலிலேயே உயிரிழந்தார்கள். குழுவினருக்கு வாசித்து முடித்த பிறகுதான் செய்தி தெரிந்தது. பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. கைகளை மார்புக்கு முன்னால் உயர்த்தி வைக்க இடம் இருக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள். அந்த இடம் குறையத் தொடங்கியதுமே, பாட்டு முடியக் காத்திராமல், பக்கவாட்டில் சாய்வாக நகர்ந்து வெளியே வந்துவிடுங்கள். நேராகப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டு வருவது கடினம். முன்னால் மூச்சுத் திணறினால் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்கும் காவலர்களிடம் கையை நீட்டுங்கள்; தூக்கி எடுத்துவிடுவார்கள்.

---

பேஸ்தந்தி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சப்வூஃபர் விளக்கத்தைத் தம்பிக்கும் படித்துக் காட்டினேன். இன்னும் ஒரு சந்தேகம்: முதலில் ஓர் உள்ளூர்க் குழு வாசிக்கிறது, பிறகுதான் முக்கியக் குழு. இடையில் இடம் மாறினால் இரண்டு ஆசைகளையும் நிறைவேற்றிக்கொள்ள முடியுமா?

---

முன்வரிசைக்காரன்:

பின்னாலிருந்து முன்னால் வருவதை மட்டும் நம்பாதீர்கள். முக்கியக் குழுவுக்காக விளக்கு அணைந்த பிறகு ஓர் அடிகூட நகர முடியாது.

---

மிக்ஸர்மேசை:

ஆமாம், முன்னாலிருந்து பின்னால் வருவதே எளிது. உள்ளூர்க் குழுவை முன்வரிசையில் நின்று பாருங்கள்; கூட்டம் அப்போது தளர்வாக இருக்கும், அவர்களுக்கும் எதிரே முகங்கள் தெரிவது பெரிய பலம். அவர்களுடைய பேஸ் வாசிப்பவரின் விரல்களையும் கவனியுங்கள். பல நிகழ்ச்சிகளில் தொடக்கக் குழுவுக்கு ஒலியளவைக் குறைத்தே கொடுப்பார்கள் என்பதால் தம்பியின் காதுக்கும் அது பரவாயில்லை.

மேடை மாற்றும் இடைவேளையில் மேசைக்கு முன்னால் வந்துவிடுங்கள். முக்கியக் குழுவின் முதல் இரண்டு பாட்டுகளில் பேஸ் குழம்பிக் கேட்டால் உடனே இடத்தை மாற்ற வேண்டாம். ஆளில்லாத மைதானத்தில், பகல் வெயிலில் சரிபார்த்த ஒலி அது. பொழுது சாய்ந்து தரையை ஒட்டிய காற்று குளிர்ந்ததும் ஒலி வேறு விதமாக வளைந்து செல்லும். கூட்டம் நிறைந்தாலும் மாறும். மேசையில் இருப்பவர் அதையெல்லாம் அந்த முதல் பாட்டுகளில்தான் சரிசெய்துகொண்டிருப்பார். மூன்றாம் பாட்டுக்குப் பிறகும் தெளியவில்லையென்றால், நடுக்கோட்டைவிட்டு விலகாமல் நாலைந்து அடி முன்னே போய்ப் பாருங்கள்.